சிவப்பக்கா வட்டம் போட்ட வரி

சிவப்பக்கா என்ற பெயரைக் கேட்டுவிட்டு, ஆள் பளிச்சென்று சிவப்பாக இருப்பாள் என்று நினைத்து வருகிறவர்கள் வங்கிக்குள் நுழைந்ததும் ஏமாந்துபோவார்கள். ஆள் நல்ல கறுப்பு. பெயர் பேனாவால் வந்தது. வெளிநாட்டு வியாபாரப் பிரிவில் ஜன்னலோர மேசை, கையில் சிவப்பு மைப் பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி, அந்த மூக்குக்கு மேலே எப்போதும் கொஞ்சம் கோபம். இத்தனையும் சேர்ந்ததுதான் சிவப்பக்கா. மேலாளர்கூட அவள் இல்லாத நேரத்தில் அப்படித்தான் சொல்வார், இருக்கும் நேரத்தில் மேடம் என்பார்.

அவள் வேலை என்ன என்று கேட்டால் லேசாகச் சொல்லிவிடலாம், செய்வதுதான் கஷ்டம். இங்கே ஒருவர் சரக்கு விற்கிறார், கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாங்குகிறார். முன்பின் பார்த்ததில்லை, ஒருவரை ஒருவர் துளியும் நம்புவதில்லை. அதனால் வாங்குகிறவரின் வங்கி நடுவில் வந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கும். எல்.சி. என்பார்கள். இன்னின்ன தாள்களை இன்னின்ன மாதிரி கொண்டு வா, பணத்தை நான் தருகிறேன் என்பதுதான் அதன் சாரம். அந்தத் தாள்கள் கடிதத்தில் கேட்டபடியே இருக்கின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் சிவப்பக்கா. பெட்டிக்குள் தங்கம் இருக்கிறதா தவிடு இருக்கிறதா என்று வங்கி எட்டிப் பார்க்காது. பார்க்கவும் கூடாது, அதுதான் சட்டம்.

"சரக்கு உங்க கவலை, தாள் என் கவலை" என்பாள், வருகிற ஒவ்வொருவரிடமும். சொல்லிச் சொல்லி, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே பழைய வாடிக்கையாளர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஆனால் அவளைக் கறாரான பேர்வழி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்னால் தாள்களின் டிராஃப்டை, அதாவது முன்வரைவை, கொண்டுவந்து காட்டினால், அவள் வேலையே இல்லை என்றாலும் பார்த்துக் கொடுப்பாள். பின்னால் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்கிற அக்கறை. புதிதாக ஏற்றுமதி செய்ய வருகிறவர்களுக்கு முதலில் டீ வரும், திட்டு அப்புறம்தான் வரும். மேசை இழுப்பறையில் இஞ்சி மிட்டாய் இருக்கும். ஒரு தாளைத் திருப்பி அனுப்பும்போது கூடவே ஒரு மிட்டாயையும் கொடுத்தனுப்புவாள்.

அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். கண்டெய்னர்கள் அடுக்கிவைத்திருக்கும் யார்டில் சுற்றிச் சுற்றி வந்து, கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா, ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் பாடு. ஆக, வீட்டில் ஒருத்தி தாள் மட்டும் பார்ப்பாள், ஒருவர் பெட்டி மட்டும் பார்ப்பார். மகளைக் கட்டிக் கொடுத்து அனுப்பியபின் இரண்டு பேரும் மட்டும்தான், அதனால் கேலிக்குக் குறைவே இல்லை.

"நீ போட்டோவப் பாத்துப் பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்ற ஆளு. நான் நேர்ல போய்ப் பாக்குற ஆளு" என்பார் அவர்.

"நேர்ல வந்து பாத்துத்தானே என்னைக் கட்டினீங்க? என்ன கண்டுபிடிச்சீங்க?" என்பாள் அக்கா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்துக்குள் ஒரு கரிக்காரர் வந்து சேர்ந்தார்.

நல்ல வாட்டசாட்டமான ஆள், குரல் மட்டும் பூனைக்குட்டிக் குரல். விரல் இடுக்குகளில் எவ்வளவு கழுவியும் போகாத கரி. அடுப்புக்கரி செய்து உள்ளூரில் விற்றுக்கொண்டிருந்தவருக்கு முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து ஆர்டர் வந்திருந்தது. டிராஃப்டை இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா டீ சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதில் ஒரே ஒரு வரி இடித்தது. அபாயகரமான சரக்கு, தானாகச் சூடாகும் தன்மை உடையது, எண் 1361 என்று போட்டிருந்தது. எல்.சி.யை எடுத்துப் பார்த்தாள். எந்தத் தாளிலும் சரக்கு அபாயகரமானது என்று குறிப்பிடக் கூடாது என்று அதில் தெள்ளத் தெளிவாக எழுதியிருந்தது. வாங்குகிறவர் வேறு ஏதோ சரக்குக்கு எழுதிய பழைய கடிதத்தை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்திருப்பார் போல. அதெல்லாம் அக்காவுக்கு எதற்கு? சிவப்புப் பேனா அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.

"இந்த வரி இருந்தா அவங்க பேங்க் திருப்பிடும்."

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"எல்.சி. கேட்டபடி தாள் இருக்கணும். அவ்வளவுதான். எப்படின்னு என்கிட்ட கேக்காதீங்க. சரக்கு உங்க கவலை..."

பாவம், புது ஆள். மீதியைச் சொல்லத் தெரியாமல் விழித்தார். எல்.சி.யைத் திருத்தித் தரச் சொல்லி வாங்குகிறவரிடம் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு நாள் பிடிக்கும், கப்பலோ அந்த வாரமே கிளம்புகிறது, மேசையில் வேறு பத்துக் கட்டு காத்திருந்தது. அவள் சொல்லவில்லை. மிட்டாய் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்துக் கரிக்காரர் புது டிராஃப்டோடு வந்தார். வட்டம் போட்ட வரி இல்லை. சுத்தமாக இருந்தது.

"பரவாயில்லையே, கெட்டிக்காரர்தான்!" என்று அக்கா டிக் போட்டாள். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். எப்படி அந்த வரி போனது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் சமையலறைக் கதவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கதவின் நடுவில் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர், சாய்சதுரமாக. மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி சிவப்பு, உச்சியில் கறுப்பாக ஒரு தீ. உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் திரும்பாமலே சிரித்தார்.

"என்னங்க இது கூத்து?"

"உள்ள வர்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை வேணாமா? இந்தத் தீப்படத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? தானா சூடாகுற சரக்கு. யாரும் பத்த வைக்க வேணாம், சும்மா விட்டாலே கிளம்பிடும். பாத்த உடனே உன் ஞாபகம்தான் வந்துச்சு. குப்பையில போட மனசு வரல."

"கொழுப்பைப் பாரு!" என்று கையிலிருந்த துண்டை அவர் மேல் எறிந்தாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கிட்டே போய்ப் பார்த்தவளின் கண்ணில், படத்துக்குக் கீழே இருந்த எண் பட்டது. 1361.

சிரிப்பு அங்கேயே நின்றது.

"இது எங்கேருந்து வந்துச்சுங்க?"

"ஒரு கரிப் பெட்டி. ஸ்டிக்கரோடதான் யார்டுக்கு வந்துச்சு. காலையில கப்பல் கம்பெனியிலேருந்து புது லிஸ்ட் வந்தது, இந்தப் பெட்டி சாதாரணச் சரக்குன்னு மாத்திட்டாங்க, ஸ்டிக்கரை எடுத்துடுங்கன்னு. நாலு பக்கமும் உரிச்சேன். ஏன், என்னாச்சு? ஏன் ஒரு மாதிரி ஆயிட்ட?"

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அவரும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். பெண்டாட்டி தாளில் எடுக்கச் சொன்னாள், புருஷன் பெட்டியில் எடுத்தார். வேறு யாருமே வேண்டாம், கச்சிதமாகச் செய்து முடித்திருந்தார்கள்.

"அந்த ஸ்டிக்கர் இருந்தா என்ன ஆகும், இல்லாட்டி என்ன ஆகும்? எனக்குச் சொல்லுங்க. எனக்கு நிஜமா தெரியாதுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

"இருந்தா மேல்தளத்துல வைப்பாங்க. புகை வந்தா கண்ணுக்குத் தெரியும், தண்ணி அடிக்கலாம். இல்லாட்டி கீழ அடுக்குல எங்க வேணா போகும். கப்பல் எண்ணெயைச் சூடாக்கி வெச்சிருக்கிற தொட்டிக்குப் பக்கத்துல போகும், அந்தச் சூட்டுக்கு... கீழ ஒண்ணு புகைஞ்சா மேல இருக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது."

"இப்ப அது எங்க இருக்கு?"

"ராத்திரி ஏத்துவாங்க. விடிஞ்சா கப்பல் கிளம்பிடும்." அவர் மெதுவாகச் சொன்னார். "இதுல நம்ம மேல தப்பு இல்லம்மா. உனக்கு எல்.சி. இருந்துச்சு, எனக்கு லிஸ்ட் இருந்துச்சு. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் காட்டிடலாம்."

உண்மைதான், காட்டிவிடலாம். ஒரு வருஷம் கழித்து எந்த அதிகாரி வந்து கேட்டாலும் அவள் கோப்பு சுத்தமாக இருக்கும். அதுதான் அவளை உலுக்கியது.

"உங்க மேல தப்பில்ல, என் மேல தப்பில்ல. அப்ப அந்தப் பெட்டி எப்படிங்க கீழ போகுது?"

அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

யார்டு சூப்பர்வைசரிடம் வீட்டுக்காரர் போனில் கேட்டதற்கு, அவர் கையை விரித்துவிட்டார். நீ சொல்கிறாய் என்று பெட்டியை நிறுத்த முடியாது, என் கையில் இருக்கிற தாள் சாதாரணச் சரக்கு என்கிறது, சரக்குக்காரர் நேரில் வந்து இது அபாயகரமான சரக்கு என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். தாள்தானே கேட்கிறார், அதில் என்ன தப்பு? அக்கா யாரைத் திட்டுவாள்? கரிக்காரரை அழைத்தாள். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம், "வர்றேன் மேடம்" என்றார்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாடிக்கையாளர் விஷயத்தை வீட்டில் பேசியதே குற்றம். இப்போது வாடிக்கையாளரையே கூப்பிட்டு, வங்கி சரி என்று சொன்ன தாளைக் கிழி என்று சொல்லப் போகிறாள். வேலைக்கே உலை வைக்கிற காரியம். அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கரிக்காரர் தன் வேனிலிருந்து இறங்கி வந்தார். பூனைக்குட்டிக் குரலைக் காணோம்.

"நீங்கதானே மேடம் வட்டம் போட்டீங்க?"

"நான்தான்."

"நான் ஒழுங்காத்தானே எழுதிக் கொண்டுவந்தேன்? அந்தக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல போய்க் கெஞ்சி, கரி தானா சூடாகாதுன்னு இருந்த பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டைக் குடுத்து, வாடகைகூடக் கொஞ்சம் குறைஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டு... நீங்க டிக் போட்டப்ப எங்க வீட்டுல எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் குடுத்தேன் மேடம். இப்ப வந்து மாத்துங்கிறீங்க. இந்தக் கப்பலை விட்டா அந்த ஆளு வேற யாருகிட்டயாவது வாங்கிடுவான். என் தலையில கல்லைத் தூக்கிப் போடுறீங்களே!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை பேரை மேசைக்கு முன்னால் நிற்கவைத்து வாயடைத்திருப்பாள்! இப்போது அவள் முறை.

"தப்பு என்னுதுங்க" என்றாள். "எல்.சி.யைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கன்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சோம்பேறித்தனம்னே வெச்சுக்கோங்க. நாளைக்குக் காலையில நானே உக்காந்து கடிதம் எழுதுறேன். திருத்தம் வரும்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. வரலன்னா உங்க நஷ்டத்துக்கு நான் ஈடு குடுக்கவும் முடியாது, அவ்வளவு என்கிட்ட இல்ல. உங்ககிட்டப் பொய் சொல்ல நான் வரல."

அவர் வேனில் சாய்ந்துகொண்டு தன் கரி விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு வாசலையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன்" என்றாள் அக்கா. "அபாயகரமான சரக்குன்னு முதல்ல எழுதினீங்களே, ஏன் எழுதினீங்க? பாதிப் பேர் எழுதறதே இல்லையே."

"எங்க கொட்டகையில ஒரு தடவை அடுக்கி வெச்ச மூட்டை தானா புகைஞ்சுச்சு. நெருப்புன்னு ஒரு பொட்டு இல்ல. நாலு நாள் முன்னாடி ஆற வெச்ச கரி."

"உள்ள யாராச்சும் இருந்தாங்களா?"

"என் தம்பி. உள்ளதான் தூங்கிட்டு இருந்தான். புகையில மயங்கிக் கிடந்தான், இழுத்துட்டு வந்து வாசல்ல போட்டோம். முழிக்கிறதுக்குள்ள எங்கம்மா போட்ட கூப்பாடு..."

அவர் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த மாதிரி நின்றார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எங்க எழுதணும், சொல்லுங்க" என்றார்.

வேனின் முன்பக்கத்தில் தாளை வைத்து, வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காற்றில் பறக்காமல் தாளின் ஓரத்தை அக்கா பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குள் ஓடினார். ஐம்பது வயதுக்கு மேல் அந்த மனுஷன் ஓடி அவள் பார்த்ததில்லை. பாஸ் இல்லாததால் அவளும் கரிக்காரரும் வெளியிலேயே நின்றார்கள். உள்ளே உயரத்தில் கிரேன் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கித் தூக்கிக் கப்பலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தது. ஒவ்வொன்று மேலே போகும்போதும், அது அதுவாக இருந்துவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கரிக்காரர் கேட்காமலேயே டீ வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறும்வரை அவள் குடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "வரிசையில ஏறப் போற இடத்துக்கு வந்துடுச்சும்மா. நிறுத்தியாச்சு. தனியா ஓரமா எடுத்து வெச்சுட்டோம். தரையிலதான் நிக்குது." அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே கரிக்காரரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் அப்படியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பெட்டி யார்டில் வெடித்தது, அக்காவுக்கு மாலை போட்டார்கள் என்றெல்லாம் யாராவது எதிர்பார்ப்பார்கள். கரி புகையவில்லை. ஏற்றியிருந்தாலும் புகைந்திருக்காதோ என்னவோ, யாருக்குத் தெரியும்? மேலாளர் கிழிகிழியென்று கிழித்தார். "ஏதாவது நடந்துச்சா? ஒண்ணுமே நடக்கலையே! எதுக்கு இந்த வீராப்பு?" என்று கேட்டார். அக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் வந்தது. தான் எழுதியிருந்தால் இதைவிட நன்றாக எழுதியிருப்பேன் என்று வீட்டில் வந்து சொன்னாள். எல்.சி. திருத்தத்துக்கு இழுத்தடித்தார்கள், எழுதி எழுதி உயிரை எடுத்து வாங்கினாள். கரிக்காரருக்கு லாபத்தில் கை வைத்தாற்போல் ஆனாலும் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. அன்றுமுதல் அக்கா டிராஃப்டில் வட்டம் போட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த வரி எதுக்கு வந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தாள். வாடிக்கையாளர்களுக்கு அது பழையதைவிடப் பெரிய தொல்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. மறுநாள் விடிகாலையில் அவளுக்கு இவற்றில் எதுவுமே தெரியாது. வேலை இருக்குமா போகுமா என்றுகூடத் தெரியாது. தூக்கம் வராமல் புரண்டவளைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். கப்பல் வெளியே போகும் வழியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கல்சுவருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கரிக்காரர். நகர்ந்து இவர்களுக்கு இடம் விட்டார்.

கப்பல் வந்தது. ஆயிரம் தாள்களில் அக்கா கப்பல்களின் பெயரைப் படித்திருக்கிறாள். பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். இது ஒரு தெருவே எழுந்து நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. பின்தளத்தில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். பனியனோடு ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும், சட்டையை உதறி உதறி மாட்டிக்கொண்டிருந்தான். சுவரில் இருந்த மூன்று பேரைப் பார்த்துவிட்டு, யார் என்றுகூடத் தெரியாமல், ஈரச் சட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான்.

"யாருக்கு ஆட்டுறான்?" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவன் எந்தத் தாளிலும் இல்லையே, எந்தத் தாளிலும் இல்லையே என்று அவர் தோளில் முகத்தை வைத்துச் சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, தானும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார்.

கரிக்காரர் எழுந்து கல்சுவரின் விளிம்புவரை போனார். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, உடம்புக்கு ஏற்ற குரலில் கத்தினார்.

"பத்திரமா போய்ட்டு வா தம்பீ!"

காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. அந்தப் பையனுக்குக் கேட்டிருக்காது. அவர் மறுபடியும் கத்தினார்.